தரை போட்ட இடம்

என் அக்காவுக்கு உறவுக்காரர்கள் மத்தியில் 'அலையக்கா' என்று பெயர். அதற்குக் காரணம் அத்தான்தான். கல்யாணமான புதிதில், "உங்க வீட்டுக்காரிக்கு என்ன உத்தியோகம்?" என்று யார் கேட்டாலும், "அலைக்காக அலையற உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கெல்லாம் அலையக்கா, எங்கள் பிள்ளைகளுக்கு அலை அத்தை. அலுவலகத்தில் மட்டும்தான் அவள் மேடம்.

தொலைத்தொடர்பையும் ஒலிபரப்பையும் ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில் அவள் குறுக்கீட்டுப் பிரிவு அதிகாரி. செல்போன், வானொலி, தொலைக்காட்சி, டாக்ஸி, தீயணைப்பு வண்டி என்று கம்பியில்லாமல் பேசுகிற எல்லாருக்கும் ஆணையம் காற்றில் ஆளுக்கொரு தடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. ஒருத்தர் தடத்தில் இன்னொருத்தர் கால் வைத்தால் புகார் வரும். கால் வைத்தது யார், எந்தத் தெரு, எந்த வீடு, எந்தப் பெட்டி என்று தேடிப் பிடிப்பது அக்காவின் வேலை. வேண்டுமென்றே செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு என்பாள். ஒரு முறை ஏதோ ஒரு கூட்ட அரங்கின் மைக் தடம் மாறி, பேச்சாளர் பேசியதெல்லாம் தீயணைப்பு வண்டிக்குள் கேட்டிருக்கிறது. "பேச்சை முழுசா கேட்டு முடிச்சுட்டுத்தான் புகார் குடுத்தாங்க. நல்லா பேசினாராம்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு இந்த வேலை பிடிக்கும். ஒரு இரைச்சலைத் துரத்திக்கொண்டு போகும்போது பசி தெரியாது, வெயில் தெரியாது. விருந்துக்குப் போன வீட்டில் டியூப்லைட் முனகினால் சாப்பாடு இறங்காது. "ஸ்டார்ட்டரை மாத்துங்க, பக்கத்து வீட்டுல ரேடியோ கேக்கறவங்க பாவம்" என்று போன இடத்தில் சொல்லிவிடுவாள். "சாப்பிட வந்தியா, சோதனை போட வந்தியா?" என்று அத்தான் மேசைக்கு அடியில் காலை மிதிப்பார். நான் இருப்பது கடல் தாண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். மணி ரெண்டு தடவை அடித்தும் அவள் எடுக்காவிட்டால் நான் உடனே அத்தானுக்குப் போடுவேன். அவளோ என் முகம் திரையில் வந்ததும் சௌக்கியமா என்றுகூடக் கேட்க மாட்டாள். "உன் தலைக்குப் பின்னாடி எரியுதே, அது மட்டமான பல்புடா" என்பாள்.

ஆணையத்தின் வேன் ஒன்று உண்டு. கூரையில் சுழலும் ஆன்டெனா, உள்ளே ஒரு திரை, ஸ்டியரிங்கில் டிரைவர் அண்ணன். ராத்திரி வேன் அவர் வீட்டில்தான் நிற்கும். அவர் தினமும் காலையில் முதலில் அக்கா வீட்டுச் சந்துக்குத்தான் வருவார். அவள் டிபன் டப்பாவை மூடி, செருப்பைத் தேடி, வாசல்படி இறங்குவதற்குள் கருவியைப் போட்டு வைத்திருப்பார். கருவி கொஞ்சம் சூடாக வேண்டும். சூடானதும் செய்கிற முதல் காரியத்துக்கு அவர்களுக்குள் ஒரு பெயர் உண்டு: தரை போடுவது. காற்றில் எங்கேயும் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் இருந்துகொண்டேதான் இருக்கும். அதை அளந்து கருவிக்குச் சொல்லிவிட வேண்டும். இதுதான் தரை, இதைக் கணக்கில் எடுக்காதே, இதற்கு மேலே எழும்புவதை மட்டும் எனக்குக் காட்டு என்று.

விதிப்படி தரையை அலுவலக முற்றத்தில் போட வேண்டும். ஆனால் வேன் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டு மறுபடி அலுவலகம் போய்த் திரும்புவது வீண் அலைச்சல். தவிர, அவளுடைய சந்து ஊரிலேயே அமைதியான சந்து. பட்டறை இல்லை, லிஃப்ட் இல்லை, விளம்பரப் பலகை இல்லை. "எங்க வாசல் மாதிரி சுத்தமான தரை வேற எங்க கிடைக்கும்?" என்று அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஆகவே வருஷக்கணக்காகத் தரையை அங்கேயே போட்டார்கள். போட்டு, தேடியதை எல்லாம் பிடித்தும் வந்தார்கள்.

அந்த வருஷம் ஒரு செல்போன் கம்பெனி புகார் கொடுத்தது. அக்கா குடியிருக்கிற வட்டாரத்துக் கோபுரத்துக்குக் காது அடைத்துப் போயிருந்தது. கோபுரம் பேசுவது ஜனங்களுக்குக் கேட்கும். ஜனங்கள் பேசுவது கோபுரத்துக்குக் கேட்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிராளி கிணற்றுக்குள் விழுந்த மாதிரி ஆகிவிடும். ஏதோ ஒரு பெட்டி அதே தடத்தில் ஓயாமல் விசிலடித்துக்கொண்டிருக்கிறது என்று கம்பெனி சொன்னது. அக்காவும் டிரைவர் அண்ணனும் தெருத் தெருவாகச் சுற்றினார்கள். திரை பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது. எங்கும் ஒன்றும் எழும்பவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் எழும்பியது. பெரிய தெருவில், ஒரு கடைக்குப் பின்னால், கேபிள்காரருடைய கன்ட்ரோல் ரூமில்.

கேபிள்காரர் அந்த வட்டாரத்து வீடுகளுக்கெல்லாம் டிவி இணைப்பு கொடுப்பவர். அக்கா வீட்டுக்கும் அவர்தான். ஒவ்வொரு கம்பத்திலும் அவரே ஏறி, அவரே இழுத்த கம்பி. அக்கா கைக்கருவியோடு உள்ளே வந்ததும் அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"என்ன மேடம், நான் கம்பியில அனுப்பறவன். காத்துல எனக்கு என்ன வேலை?"

"கம்பி இத்துப்போயிருந்தா காத்துலதாங்க வந்து சேரும். இந்த ஜாயின்ட்டைப் பாருங்க, எப்படி ஆடுது."

"ஒரு ஜாயின்ட் ஆடினா கோபுரத்துக்குக் காது போயிடுமா? என்ன மேடம் நீங்க!"

"இதனால குறுக்கீடு வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது மேடம்."

அக்கா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். விசாரணை முடியும்வரை கன்ட்ரோல் ரூமுக்குச் சீல் வைத்தாள். அன்று சாயங்காலம் அந்த வட்டாரம் முழுக்க டிவி இருட்டாகிவிட்டது. அக்காவின் வீட்டிலேயே இருக்கும் நாத்தனார், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு கருப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். "ஊருக்கெல்லாம் ஒழுங்குமுறை. வீட்டுல ஒரு மனுஷிக்குப் பொழுது போக வழியில்லை" என்றாள், சுவரைப் பார்த்து. நாத்தனார் எதையும் ஆளைப் பார்த்துச் சொல்லுகிற வழக்கம் கிடையாது.

சீல் வைத்த பிறகும் விசில் நிற்கவில்லை.

கம்பெனி மறுபடி எழுதியது. அக்காவின் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். "அவன் இன்னொரு பெட்டியை எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கான் மேடம். இவனுங்களை எனக்குத் தெரியாதா? விசாரணைக்குப் போடுங்க. பர்மிட்டை ரத்து பண்ணிடலாம்." விசாரணைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. பர்மிட் போனால் கேபிள்காரருக்கு வேறு பிழைப்பு கிடையாது. இப்போதே வீடுகள் ஒவ்வொன்றாக மாடியில் டிஷ் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தன. அவர் தினமும் ஆணையத்துக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். அக்கா கடந்து போகும்போது எழுந்து நிற்பார். ஒன்றும் கேட்க மாட்டார். கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம் என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

"ரீடிங் பொய் சொல்லாதுடா" என்றாள் அந்த ஞாயிற்றுக்கிழமை.

"அப்ப அவரு சொல்றாரா?"

"அந்த மூஞ்சியைப் பார்த்தா அப்படியும் தெரியலை." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "தொண்டையில முள்ளு மாட்டின மாதிரி இருக்கு. முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை."

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் இயக்குநர் அவளைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். அவள் பஸ் பிடித்துப் போய்விட்டாள். வேன் அலுவலக முற்றத்தில் நின்றது. கூட்டம் முடிந்து அவள் இறங்கி வந்தபோது டிரைவர் அண்ணன் கருவியைச் சூடாக்கி, அங்கேயே தரையும் போட்டு வைத்திருந்தார்.

"எங்க போகணும் மேடம்?"

"கடைசியா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்ணே. ஒண்ணும் இல்லைன்னா விட்டுடறேன்."

அவர்களுடைய வட்டாரத்துக்குள் திரும்பியதுமே திரையில் மலை மாதிரி ஒன்று எழும்பியது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

"மெஷின் கெட்டுப் போச்சா மேடம்?"

"நீங்க ஓட்டுங்கண்ணே."

பெரிய தெருவில், கேபிள்காரரின் பூட்டிய கதவுக்கு முன்னால், மலை சிறுத்தது. தாண்டிப் போனதும் மறுபடி வளர்ந்தது. வழக்கம்போலச் சுற்றாமல், ஆன்டெனா ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. ஏதாவது கட்டடத்தில் பட்டுத் திரும்பி வருகிறதாக இருக்கும் என்று அக்கா முதலில் நினைத்தாள். அடுத்த திருப்பத்தில் அப்படி நினைக்க முடியவில்லை. அதற்கடுத்த திருப்பம் அவளுடைய சந்து. டிரைவர் அண்ணன் பழக்கதோஷத்தில் வழக்கமான இடத்தில், அவள் வீட்டு வாசலில், வேனை நிறுத்தினார். திரையில் மலைக்கு மேலே இடமில்லை.

அக்காவுக்கு அப்போது எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் அந்த விசிலுக்குப் பக்கத்திலேயே வேனை நிறுத்தி, இதுதான் தரை, இதைக் காட்டாதே என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்த விசிலையே ஊரெல்லாம் தேடியிருக்கிறாள். கேபிள்காரரின் ஜாயின்ட்டில் கசிந்த கொஞ்சம், கிட்டப் போய்ப் பிடித்ததால் அந்தத் தரைக்கும் மேலே தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

செருப்பைக் கழற்றாமல் மாடிக்கு ஏறினாள். துணி காயப்போடும் கொடியில் அத்தானின் சட்டைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு குச்சி நின்றது. அதிலிருந்து இறங்கிய கம்பி அத்தானின் அறைக்குள் போயிற்று. அத்தான் கணக்கு வாத்தியார். சாயங்காலங்களில் மாடி அறையிலிருந்து கம்ப்யூட்டரில் டியூஷன் எடுப்பார். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் பகலிலேயே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகளின் முகங்கள்.

"இது என்னங்க?"

"எது?"

"வெளியில உங்க சட்டைக்கு நடுவுல நிக்குதே, அது."

அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "அதுவா... சிக்னல் இழுத்துக் குடுக்கற பெட்டிம்மா. இந்த ரூம்ல சிக்னலே நிக்க மாட்டேங்குது. பசங்க பாதிக் கணக்குல காணாம போறாங்க. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

"நீ நல்ல மூடுல இருக்கறப்ப. அப்புறம் கேபிள் விவகாரம் வந்துச்சு, நீ நல்ல மூடுலயே இல்லை."

திரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், பூஸ்டரா சார்? எங்க வீட்டுலயும் இருக்கு சார்!"

"டேய், பேரைச் சொல்லாதே! வாயை மூடு!" என்று அத்தான் கம்ப்யூட்டரைப் படாரென்று சாத்தினார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "திருட்டுச் சாமான் இல்லைம்மா. உங்க ஆபீஸ் முத்திரையே இருக்கு. அங்கீகாரம் வாங்கினதுன்னு கடைக்காரன் அடிச்சுச் சொன்னான். இங்க பாரு."

பெட்டியின் பக்கவாட்டில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். சின்னமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அக்கா குனிந்து படித்தாள். 'தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆனையம்.'

"ஆணையத்துக்கு மூணு சுழி வரணும். இதுல ரெண்டு சுழிதான் இருக்கு. எந்த ஆனைங்க சேர்ந்து நடத்தற ஆபீஸ்லங்க அங்கீகாரம் வாங்கினாங்க?"

"நான் கணக்கு வாத்தியார்தானே, தமிழ் வாத்தியாரா?" என்றார் அத்தான் பரிதாபமாக. "உன் தம்பி மூஞ்சி இப்பல்லாம் எவ்வளவு தெளிவா தெரியுது, அதை நீயும்தான் கவனிக்கலை."

உண்மைதான். அந்த வாரங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது. நானும் என்ன ஏது என்று யோசிக்கவில்லை.

அக்கா மாடிச் சுவரோரம் போய் நின்றாள். கீழே சந்தில் டிரைவர் அண்ணன் வேனைவிட்டு இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொடியில் நின்ற குச்சியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்து டயரை உதைத்துப் பார்த்தார்.

"மேடம்," என்றார் டயரைப் பார்த்தபடியே, "நான் எதையும் பார்க்கலை."

அவர் சொன்னதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. வருஷக்கணக்காக அவளோடு அலைந்தவர். ஒரு பிளக்கைப் பிடுங்கினால் போதும், விசில் நின்றுவிடும், கம்பெனிக்குச் சந்தோஷம், புகார் முடிந்துவிடும். அக்காவுக்கும் அது தோன்றாமல் இல்லை. தோன்றியது என்று அவளே என்னிடம் சொன்னாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் அறைக்குள் அத்தான் குனிந்து பிளக்கில் கை வைத்துவிட்டார். "இப்பவே அணைச்சுடறேன். தூக்கித் தூரப் போட்டுடறேன், சரியா?"

"கையை எடுங்க!"

அக்கா அப்படிக் கத்தி அத்தான் கேட்டதே இல்லையாம். கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி இழுத்துக்கொண்டார்.

"இப்ப நீங்க பிடுங்கினா சத்தம் நின்னுடும். நாளைன்னைக்கு விசாரணை. கேபிள்காரன் பயந்துபோய் ஒளிச்சு வெச்ச பெட்டியைக் கழட்டிட்டான், அதான் நின்னுடுச்சுன்னு எங்க சார் சொல்வாரு. எல்லாரும் ஆமான்னுவாங்க. அந்தாளு பர்மிட் அதோட போச்சு. வேற ஆபீசர் வந்து, ஓடிட்டிருக்கும்போதே அளந்து, அவங்க கையால அணைச்சாத்தான் இது நம்ம வீட்டுதுன்னு ஆகும்."

"சரி, அப்ப உனக்கு?"

"எனக்கென்ன, மெமோ வரும்."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீ எங்கிட்ட ஒண்ணை அணைக்காதேன்னு சொன்னது இதுதாம்மா முதல் தடவை. எப்பப் பாரு ஃபேனை அணை, லைட்டை அணைன்னுதான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சுவரோரம் போய்க் கீழே குனிந்தாள். "அண்ணே, நீங்க பார்த்தீங்க. ரீடிங்கைச் சேமிச்சு வையுங்க."

இயக்குநருக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சிக்னல் போய்விட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"உங்க வீடா?"

"ஆமா சார். என் பேர்லதான் இருக்கு."

"அப்ப நீங்க வேனை விட்டு இறங்கிடுங்க மேடம். உங்க வீட்டுல நீங்களே சோதனை போட முடியாது."

"இறங்கிட்டேன் சார்."

மறுநாள் காலையில் வடக்கு மண்டலத்து அதிகாரி வந்தார். அக்காவுக்குச் சில வருஷம் இளையவர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். டிரைவர் அண்ணனே வேனை ஓட்டி வந்தார், தரையை அலுவலக முற்றத்தில் போட்டுவிட்டு. மாடிப் பெட்டியைக் கைப்பற்ற அக்கம்பக்கத்தில் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது விதி. எதிர்வீட்டுக்காரர் தனக்குப் பல்வலி என்றார். பக்கத்து வீட்டம்மா, "எனக்குக் கண்ணு சரியா தெரியாதே" என்று சொல்லிவிட்டு ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டியூஷன் பையன் ஒருவனின் அப்பா ஒத்துக்கொண்டார். இன்னொரு சாட்சிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கேபிள்காரர்.

"நான் வரலாமா மேடம்? இந்த ஏரியாவுல என்னை விட்டா வேற யாருக்கு ஒவ்வொரு வீட்டு மாடியும் தெரியும்?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாத்தனார் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். கேபிள்காரருக்கு மட்டும் பெரிய டம்ளர்.

வடக்கு மண்டல அதிகாரி பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "அக்கா, இதை நான் உங்ககிட்ட எப்படிக் கேக்கறது?"

"எல்லார்கிட்டயும் கேக்கற மாதிரி கேளுங்க."

"இந்தக் கருவி யாருடையது?"

"என் வீட்டுல இருக்கு. என்னுது."

"நான்தான் வாங்கினேன்" என்றார் அத்தான் பின்னாலிருந்து.

"வீட்டுக்காரங்க மட்டும் பதில் சொல்லுங்க சார்."

"நானும் வீட்டுக்காரன்தானேப்பா!"

"பத்திரத்துல யார் பேரு?"

அத்தான் அக்காவைக் கைகாட்டினார்.

"இதுக்கு உரிமம் இருக்கா?"

"இல்லை."

"இதனால குறுக்கீடு வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை அக்கா எத்தனையோ வீட்டு வாசல்களில், கடைகளில், மாடிகளில் கேட்டிருக்கிறாள். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அவளும் அதை எழுதிக்கொள்வாள், உதட்டோரத்தில் லேசான ஒரு சிரிப்போடு. இப்போது அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வேறு வார்த்தை இல்லை.

"தெரியாது."

கேபிள்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "நானும் இதையேதான் சொன்னேன் மேடம். நீங்க எழுதிக்கிட்டீங்க. நம்பலை."

வடக்கு மண்டல அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஆமாங்க" என்றாள் அக்கா. "நம்பலை. தப்புதான்."

வடக்கு மண்டல அதிகாரி பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். ஒரு நிமிஷம் கழித்துச் சந்திலிருந்து டிரைவர் அண்ணனின் குரல் வந்தது. "விழுந்துடுச்சு சார்! தரை தெரியுது!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தில் பக்கத்து வீட்டம்மா ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டார். கேபிள்காரர் சாட்சிக் கையெழுத்தை நிறுத்தி நிதானமாக, இனிஷியலோடு போட்டார்.

விசாரணை அன்று அக்கா அதிகாரிகள் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. எதிர்ப்பக்கம், கேபிள்காரருக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். தரையை எங்கே போட்டாள், ஏன் அங்கே போட்டாள், அதனால் என்ன ஆயிற்று என்று ஒளிக்காமல் சொன்னாள்.

"விதி முற்றத்துல போடச் சொல்லுதே மேடம். ஏன் வீட்டு வாசல்ல போட்டீங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"வண்டி முதல்ல அங்கதான் சார் வரும். அமைதியான சந்துன்னு நம்பிட்டேன்."

"அமைதியான சந்து!" என்று இயக்குநர் திருப்பிச் சொன்னார். கோபப்படலாமா சிரிக்கலாமா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. பக்கத்திலிருந்தவர் இருமுவது போலச் சிரித்ததும் அவரும் சிரித்துவிட்டார்.

ஆடுகிற ஜாயின்ட்டை மாற்றிவிட வேண்டும் என்று கேபிள்காரருக்கு ஓர் எச்சரிக்கை. அவ்வளவுதான், பர்மிட் அவரிடமே இருந்தது. அக்காவுக்கு ஒரு மெமோவும் அபராதமும் வந்தன. அபராதத்தை அத்தான் கட்டினார், தானே வாங்கிய பொருளுக்கு இரண்டாம் தடவை விலை கொடுப்பதாகப் புலம்பிக்கொண்டு. போலி ஸ்டிக்கர் ஒட்டி விற்ற கடையைத் தேடிப் பிடிக்கும் வேலையை இயக்குநர் அக்காவிடமே கொடுத்தார். இப்போது அவள் அதைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறாள், பசி தெரியாமல். அத்தான் வகுப்பைக் கூடத்து ஜன்னலோரத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே சிக்னல் தானாகவே வருகிறது. ஆனால் சந்தில் யார் போனாலும் வந்தாலும் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. "சார், உங்க தெருவுல கத்தரிக்காய் வண்டி வந்துடுச்சு சார்" என்று கணக்கின் நடுவே சொல்கிறார்களாம்.

சீல் வைத்தவரே அதைப் பிரிக்க வேண்டும் என்று இன்னொரு விதி. விசாரணை முடிந்த அன்று மத்தியானமே அக்கா கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூமுக்குப் போனாள். அரக்கை உடைத்து, நூலை அறுத்து, கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே புழுக்கமும் தூசியுமாக இருந்தது. கேபிள்காரர் ஒவ்வொரு பெட்டியாகத் துணியால் துடைத்தார். புது ஜாயின்ட்டைப் போட்டு முறுக்கினார். அக்கா கைக்கருவியை அதன்மேல் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் எழும்பவில்லை.

"சுத்தமா இருக்குங்க."

"இப்ப நீங்க நம்பறீங்களா மேடம், மெஷின் நம்புதா?"

"ரெண்டு பேரும்தான்."

அவர் சுவிட்சுகளை வரிசையாகப் போட்டார். பெட்டிகளில் பச்சை விளக்குகள் எரிந்தன. கொஞ்ச நேரத்தில் முன்பக்கத்துக் கடையிலிருந்த டிவி பேச ஆரம்பித்தது. கடைக்காரர், "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கத்தினார். எதிர்ச்சாரி வீட்டிலிருந்து ஏதோ நாடகத்து அழுகை. அதற்கடுத்த வீட்டில் செய்தி. கேபிள்காரர் வாசலில் நின்று ஒவ்வொரு வீட்டுச் சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்டார். வராந்தாவில் அவளைப் பார்த்து எழுந்து நின்ற அதே மனிதர்தானா என்று அக்காவுக்குத் தோன்றியது.

"ஒரு விஷயம் மேடம்" என்றார் திரும்பாமலே. "உங்க சந்து லைனை மட்டும் இன்னும் மாட்டலை. அதை நாளைக்குத்தான் மாட்டுவேன்."

"ஏங்க?"

"காரணம் ஒண்ணும் இல்லை. என் மனசு கேக்கலை, அவ்வளவுதான்."

அக்கா கருவியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "நியாயம்தாங்க. நாளைக்கே மாட்டுங்க."

வீட்டுக்குப் போனதும் நாத்தனார் ரிமோட்டோடு வாசலிலேயே நின்றிருந்தாள். "பெரிய தெரு முழுக்க வந்துடுச்சாம். நம்ம வீட்டுல ஏன் வரலை?" என்று தூணைப் பார்த்துக் கேட்டாள்.

"நாளைக்கு வரும் அண்ணி. இன்னைக்கு நாம கடைசி" என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றியபடி. அவள் குரலில் அலுப்பே இல்லாததைக் கேட்டு, நாத்தனார் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தாளாம்.